தணல் ஆறும்வரை



சித்திரை பிறந்து சமவெளியில் வெயில் ஏறத் தொடங்கியதும் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் வண்டிகள் வரிசைகட்டி ஏறுகின்றன. விடுதியில் அறை எடுப்பது, ஏரியைச் சுற்றுவது, பூங்காவைப் பார்ப்பது, இறங்கிவிடுவது என்று இருந்த பழைய வழக்கம் இப்போது மாறியிருக்கிறது. சரிவில் கட்டிய டென்ட், நடுவே கேம்ப் ஃபயர், பக்கத்தில் கரியடுப்பில் மசாலா தடவிய கோழி, இந்த மூன்றும் ஒரே கட்டணத்தில் கிடைக்கின்றன. இதை நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். நான்கு சுவருக்குள் தொலைக்காட்சி பார்ப்பதற்கு மலை ஏற வேண்டியதில்லை. திறந்த வெளியில், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, கூடிச் சமைத்து உண்பதில் ஒரு நிறைவு இருக்கிறது. அந்த நிறைவைக் கெடுக்க நான் வரவில்லை. ஆனால் நெருப்போடு பழகும் முறையில் நம்மிடம் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. நெருப்பின் ஆபத்தை நாம் சுடரை வைத்து அளக்கிறோம். சுடர் உயர்ந்து எரியும்போது குழந்தையைப் பிடித்து நிறுத்துகிறோம், சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்கிறோம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கிறோம். சுடர் அடங்கி, கரி சாம்பல் பூத்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் காவலைக் கைவிட்டுப் படுக்கப் போகிறோம். நான் அறிந்த சான்றுகள் இந்தக் கணக்குக்கு நேர்மாறாக நிற்கின்றன. கூடாரத் தங்கலிலும் வெளிச் சமையலிலும் நேரும் மிகக் கொடிய விபத்துகள் சுடர் அடங்கிய பிறகே நேர்கின்றன. இதை நிறுவுவதுதான் இந்த உரையின் நோக்கம்.

முதலில் மூச்சோடு தொடர்புடைய சான்று. 2024 ஆகஸ்ட் மாதம் கொடைக்கானலில் தங்கிய இளைஞர் குழு ஒன்று இரவில் கோழி சுட்டுச் சாப்பிட்டது. பிறகு குளிருக்கு இதமாக இருக்கும் என்று அந்தக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு படுத்தார்கள். அவர்களில் இருவர் காலையில் எழவில்லை. 2012 மே மாதம் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் சிறிய கரியடுப்பில் சமைத்து முடித்த ஒரு குடும்பம், அது அணைந்துவிட்டது என்று எண்ணிக் கூடாரத்துக்குள் எடுத்து வைத்தது. 14 வயதுப் பெண் இறந்துபோனாள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலையூரில், மூடிய விடுதி அறையில் எரிவாயுக் கணப்பை வைத்துத் தூங்கிய கேரளத்துச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர் உயிரிழந்தார்கள். மூன்றாவது நிகழ்வில் எரிபொருள் வேறு. ஆனால் நடந்த வரிசை மூன்றிலும் ஒன்றே: குளிர், மூடிய இடம், தூக்கம், யாருக்கும் ஆபத்தாகத் தோன்றாத ஒரு சிறிய வெப்பம். எவருடைய உடலிலும் தீப்பற்றவில்லை. கூடாரமோ அறையோ எரியவில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். காரணம் புரியாமல் கேட்கும் எச்சரிக்கை மறுநாளே மறந்துபோகும். விறகு எரியும்போது புகை வருகிறது, கண் எரிகிறது, இருமுகிறோம், எழுந்து வெளியே போகிறோம். அந்தப் புகை தொல்லைதான், ஆனால் அதுவே ஒரு காவலாகவும் இருக்கிறது. கரியில் அந்தக் காவல் இல்லை. விறகை அடுக்கி மண்பூசி, காற்று அதிகம் புகாமல் மூட்டம் போட்டு, அதிலுள்ள ஈரத்தையும் புகையாகும் பொருள்களையும் வெளியேற்றிய பிறகு எஞ்சுவது கரி. சீமைக்கருவேலத்தை மூட்டம் போடும் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து மக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. புகை முழுவதும் மூட்டத்திலேயே போய்விடுவதால் கரி சுத்தமாகக் கனல்வதுபோலத் தோன்றுகிறது. ஆனால் கனலும் கரிப்படுகையின் அடியில் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கரியோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அது மேலே செக்கச்சிவந்த துண்டுகளின் ஊடே ஏறும்போது இன்னொரு கார்பன் அணுவையும் பற்றிக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. இரும்பு உருக்கும் ஊதுலையில் தாதுவிலிருந்து இரும்பைப் பிரித்தெடுப்பது இதே வாயுதான். அவ்வளவு வீரியமான பொருள் அது. அடுப்பு நன்றாகப் பற்றியிருக்கும்போது கரியின் மேல் மெல்லிய நீலச் சுடர் தாவித் தாவி எரிவதைப் பார்த்திருப்பீர்கள். கார்பன் மோனாக்சைடு எரிந்து தீர்வதன் அடையாளம் அது. அந்தச் சுடர் நின்று, கரியின் மேல் வெண்சாம்பல் போர்த்திய பிறகு, அந்த வாயு எரிந்து தீர வழியில்லாமல் அப்படியே வெளியேறுகிறது. அதாவது, அடுப்பு சாதுவாகத் தெரியும் அந்த நேரத்தில்தான் அதை உள்ளே கொண்டுவருகிறோம்.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, தொண்டையில் எரிச்சலும் இல்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 முதல் 250 மடங்கு இறுக்கமாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்றில் அது சிறிதளவே இருந்தாலும், மூச்சுக்கு மூச்சு இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரத்தத்தில் இது செய்யும் வேலையைக் கண்டறிந்தார். பிரிட்டனின் ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்கத் தொழிலாளர்கள் எப்படி இறக்கிறார்கள் என்று அறிவதற்காக 1895-இல் இந்த வாயுவைத் தாமே சுவாசித்து, தம் இரத்தத்தைச் சோதித்துக் குறித்துவைத்தார். இரத்தத்தின் பாதிக்கு மேல் அதன் பிடியில் போனபோது அவரால் நேராக நடக்க முடியவில்லை. இவ்வளவுக்கும் அவர் விழித்திருந்தவர், என்ன நடக்கிறது என்று அறிந்தவர், பக்கத்தில் ஆள் இருந்தவர். தூங்குகிறவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நல்ல காற்றுக்கு வந்த பிறகும், சேர்ந்த வாயுவில் பாதி இரத்தத்தைவிட்டு நீங்க ஏறத்தாழ 4, 5 மணி நேரம் ஆகிறது. மருத்துவமனையில் முகமூடி வழியாகத் தூய ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் அது நடக்கும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, சோர்வு இவையே முதல் அறிகுறிகள். மலைப்பாதையின் வளைவுகளில் வந்த மயக்கம் என்றோ, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ, குடித்தவராக இருந்தால் குடியின் வேலை என்றோ நினைத்து மீண்டும் படுத்துவிடுவது எளிது. ஒரே கூடாரத்தில் இருவருக்கோ மூவருக்கோ ஒரே நேரத்தில் தலை வலித்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது காற்றை. கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்துசேர்ந்த விரல்நுனி ஆக்ஸிஜன் கருவியை நம்ப வேண்டாம். மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறிய இரத்தத்தையும் அதனால் பிரித்தறிய முடியாது. ஆள் மயங்கிக் கிடக்கையிலும் அது நல்ல எண்ணையே காட்டும். ஆளை வெளியே இழுத்துவந்து, 108-ஐ அழைத்து, உள்ளே கரியடுப்பு இருந்தது என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் சிகிச்சை வேறு திசையில் போகக்கூடும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானதும்கூட. நம் பாட்டன் பாட்டி காலமெல்லாம் கும்முட்டி அடுப்பும் விறகடுப்பும் வீட்டுக்குள்ளேதானே எரிந்தன, பிள்ளை பெற்றவளுக்குக் கரிச்சட்டியில் அனல் மூட்டி வைத்ததும் அறைக்குள்தானே, அப்போது சாகாதவர்கள் இப்போது மட்டும் ஏன் சாகிறார்கள் என்ற கேள்வி. இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, வீடு மாறிவிட்டது. ஓட்டு வீட்டின் ஓடுகளுக்கு இடையே காற்று ஓடியது. கூரை வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் திறப்பு இருந்தது. நடுமுற்றம் வானத்தைப் பார்த்தது. இன்றைய மலை விடுதி குளிர் புகாதபடி கண்ணாடியும் ரப்பரும் வைத்து அடைத்துக் கட்டப்படுகிறது. இன்றைய டென்ட் மழைநீர் கசியாமலிருக்கப் பூச்சு பூசிய துணியாலானது. தரை விரிப்பும் சுவரும் ஒன்றாகத் தைக்கப்பட்டவை. பனி நனைத்துவிட்டால் துணியில் எஞ்சியிருக்கும் நுண்துளைகளும் அடைபடும். அந்தக் காலத்து அனல்சட்டி இருந்த இடம் வேறு, நாம் அதைக் கொண்டுபோய் வைக்கும் இடம் வேறு. இரண்டாவது விடை கசப்பானது. அந்தக் காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பதே உண்மையில்லை. வீட்டுக்குள் விறகும் கரியும் சாணமும் எரிப்பதால் வரும் காற்று மாசினால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அந்த மரணங்கள் மெதுவாக, நுரையீரல் நோயாகவும் இதய நோயாகவும் வந்ததால் அடுப்பின் கணக்கில் நாம் அவற்றை எழுதவில்லை.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா, டென்ட்டின் ஜிப்பை ஒரு சாண் விட்டுவைத்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. கார்பன் மோனாக்சைடின் அடர்த்தி ஏறத்தாழக் காற்றின் அடர்த்தியே. அது தரையில் தேங்கிக் கீழ் இடுக்கின் வழியே வழிந்தோடுவதுமில்லை, மேலே திரண்டு மேல் துளையில் முழுதாகப் போய்விடுவதுமில்லை. உள்ளே இருக்கும் காற்றோடு ஒன்றாகக் கலந்து நிற்கிறது. எவ்வளவு திறப்பு போதும் என்பது வெளியே அடிக்கும் காற்று, அடுப்பின் அளவு, உள்ளே எத்தனை பேர் என்பவற்றையெல்லாம் பொறுத்து நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தூங்கப்போகும் ஒருவர் கணக்குப் போட்டுத் தீர்மானிக்கக்கூடிய விஷயமல்ல இது. அதோடு, குளிருக்காகத்தானே அடுப்பே உள்ளே வருகிறது? நள்ளிரவில் யாராவது ஒருவர் குளிரில் விழித்து அந்தத் திறப்பை மூடிவிடுவார். ஆகவே இதில் அளவு பார்த்து விதி வகுப்பதைவிட ஒரே விதியாக வைத்துக்கொள்வது நல்லது: சமைத்த அடுப்பு எந்த நிலையிலும் கூரையின் கீழ் வரக்கூடாது. கூரை என்பதில் டென்ட்டின் முன்வாசல் மறைப்பும் அடங்கும், காரின் பின்பகுதியும் அடங்கும். சமைத்து முடித்த கையோடு அடுப்பை டிக்கியில் ஏற்றிக் கண்ணாடியையும் மூடிக்கொண்டு மலை இறங்குவது, அதே அறையைச் சக்கரத்தின் மேல் வைத்து ஓட்டுவதுதான். அமெரிக்காவில் கரிப் பையின் மேல் வீடு, கூடாரம், வண்டி மூன்றின் படத்தையும் போட்டு, உள்ளே எரிக்காதீர்கள் என்று எச்சரிப்பதைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் கடைகளில் கிலோக் கணக்கில் விற்கும் கரிப் பையில் அப்படி ஒரு படம் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

குளிர் உண்மையானது, அதை அலட்சியப்படுத்திப் பேசுவதில் பயனில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் மே மாத இரவும் 12 டிகிரி அளவுக்கு இறங்கும். 38 டிகிரியிலிருந்து ஒரே நாளில் அங்கே போகிறவரின் உடலுக்கு அது கடுங்குளிர். ஆனால் டென்ட்டில் படுப்பவரின் வெப்பத்தை முதலில் களவாடுவது காற்றல்ல, தரை. மெத்தை விரிப்போ, மடித்த கம்பளமோ, வைக்கோலோ உடம்புக்கும் மண்ணுக்கும் இடையே இருந்தால் பாதிக் குளிர் போய்விடும். உலர்ந்த காலுறை, காதை மூடும் குல்லாய், துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டி ஆகியவை மீதியைப் பார்த்துக்கொள்ளும். இவற்றை வாடகைக்குத் தரும் தளத்தைத் தேடுவதும், இல்லையென்றால் வீட்டிலிருந்தே மூட்டைகட்டுவதும் கிளம்புமுன் செய்ய வேண்டிய வேலை. இரவு 11 மணிக்கு நடுங்கும்போது எடுக்கும் முடிவுகள் பெரும்பாலும் அடுப்பை நோக்கியே போகும்.

இனி காட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் சுற்றுலா உச்சத்தில் இருக்கும் மாதங்களும் காட்டுத்தீயின் மாதங்களும் பெரிதும் ஒன்றே. பிப்ரவரியிலிருந்து மே வரை புல் காய்ந்து, சருகு உதிர்ந்து, மலைச்சரிவு முழுவதும் எரிபொருளாகக் கிடக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடி அருகே குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களைத் தீ சூழ்ந்தது. மொத்தம் 23 பேர் இறந்தார்கள். அங்கே தீ மூண்ட காரணத்தைப் பற்றி இப்போது நான் பேசவில்லை, அது ஓடிய வேகத்தைப் பற்றிப் பேசுகிறேன். சரிவு 10 டிகிரி கூடினால் மேல்நோக்கி ஓடும் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீ அறிஞர்கள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. கீழே எரியும் தீ மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திச் சூடேற்றிவிடுகிறது. அந்த ஓட்டத்தை மூச்சிரைக்க மேலே ஏறும் மனிதர் வெல்ல முடியாது. இவ்வளவு வேகமான ஒன்றைத் தொடங்கிவைக்க ஒரு கங்கு போதும். 2016 ஜூலையில் கலிபோர்னியாவின் பிக் சர் கடலோர மலைகளில், அனுமதியில்லாமல் மூட்டி அணைக்காமல் விட்டுப்போன ஒரு முகாம் நெருப்பிலிருந்து சோபரானஸ் காட்டுத்தீ கிளம்பியது. அது அக்டோபர் வரை எரிந்து 1,32,000 ஏக்கருக்கு மேல் அழித்தது. 57 வீடுகள் போயின, புல்டோசர் ஓட்டிய ஒரு தொழிலாளியின் உயிரும் போனது. அந்த நெருப்பை மூட்டியவர்கள் அது எரிந்து முடிந்துவிட்டது என்று நம்பியே போயிருக்கக்கூடும். தணல் மண்ணுக்கடியில் காய்ந்த வேரைப் பற்றிக்கொண்டு புகையில்லாமல் கிடந்து, காற்று வீசும் நாளில் சில அடி தள்ளித் தலைகாட்டும். நீறுபூத்த நெருப்பைப் பார்த்து அது செத்ததா உயிரோடிருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது.

கண்ணால் முடியாது, கையால் முடியும். அமெரிக்க வனத்துறை ஸ்மோக்கி என்ற தன் கரடிச் சின்னத்தைக்கொண்டு மக்களுக்குச் சொல்லிவரும் முறையைவிட எளிதானது எதுவுமில்லை: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, தொட்டுப் பார். சீறல் நிற்கும்வரை ஊற்ற வேண்டும். கட்டைகளைப் புரட்டி அடிப்பக்கத்தையும் நனைக்க வேண்டும். கொதிநீராவி முகத்தில் அடிக்காமல் இருக்க, தள்ளி நின்று கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். பிறகு புறங்கையைச் சற்று மேலே நீட்டிப் பார்த்து, சூடில்லை என்றால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட முடியாத சூடு இருந்தால் விட்டுப்போக முடியாத சூடு என்று பொருள். மலையில் குடிக்கவே தண்ணீர் பஞ்சம், நெருப்புக்கு இரண்டு குடம் எங்கே போவது என்று கேட்பார்கள். அணைக்கத் தண்ணீர் இல்லாத இடத்தில் மூட்டக் கூடாது என்பதே என் விடை, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. காப்புக் காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச்சட்டப்படி எப்படியும் குற்றம். குரங்கணிக்குப் பிறகு, 2018-இலேயே மலையேற்றத்துக்குத் தனி விதிகளும் வந்துவிட்டன. இன்னும் சிலர், யானையும் கரடியும் நடமாடும் இடத்தில் விடியவிடிய நெருப்பு இருந்தால்தானே பாதுகாப்பு என்பார்கள். ஆள் விழித்திருந்து ஓம்பும் நெருப்பைப் பற்றி அப்படிச் சொல்லலாம். எல்லோரும் தூங்கிய பிறகு அடங்கிக் கிடக்கும் தணல் எந்த விலங்கையும் தடுக்காது, காற்று வந்தால் சருகை மட்டும் பற்றவைக்கும். விலங்குகளை இழுப்பது எலும்பும் மசாலா வாசமும் எச்சில் தட்டுகளும். அவற்றைக் கட்டி அப்புறப்படுத்துவது நெருப்பைவிட நல்ல காவல். விலங்கு வரும் தடத்தில் டென்ட் போடாமல் இருப்பது அதைவிடவும் நல்லது.

மண்ணை அள்ளிப்போட்டு மூடிவிட்டால் நெருப்பு அணைந்ததாக நம்பும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கடற்கரையில் கோழி சுடுகிறவர்கள் அநேகமாக இதைத்தான் செய்கிறார்கள். மணலும் சாம்பலும் வெப்பத்தை எளிதில் கடத்தாதவை. தணலின் மேல் போர்த்தினால் அவை வெப்பத்தை உள்ளேயே காத்து வைக்கும். ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மணலால் மூடிய முகாம் நெருப்பு 8 மணி நேரம் கழித்தும் கொதிநீர் அளவுக்குச் சுட்டது. தண்ணீர் ஊற்றியதோ 10 நிமிடத்தில் வெகுவாகத் தணிந்தது. அந்நாட்டில் முகாம் நெருப்பால் சுட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் சுடரில் விழுந்தவர்களல்லர். முதல்நாள் இரவு மூடிய தணலின் மேல் மறுநாள் காலை வெறுங்காலோடு நடந்தவர்களும், தடுக்கிக் கையூன்றி விழுந்தவர்களும் அவர்கள். குழந்தையின் உள்ளங்கைத் தோல் மெல்லியது. ஊன்றிய கையை உடனே எடுத்துக்கொள்ளும் விரைவும் அதற்குக் கிடையாது. இந்தக் காயம் அந்தப் பிள்ளை செய்த குறும்பினால் வந்ததல்ல. மணலால் மூடிவிட்டுப் போன பெரியவர் வைத்துப்போனது. சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காயத்தைப் பிடித்திருக்க வேண்டும். 20 நிமிடம் என்பது நின்று பார்த்தால் மிக நீண்ட நேரம், பாதியில் கையை எடுத்துவிடத் தோன்றும். எடுக்கக் கூடாது. பற்பசை, பேனா மை, தோசை மாவு, வெண்ணெய், ஐஸ் கட்டி இவற்றில் எதையும் வைக்கக் கூடாது. மோதிரமும் வளையலும் வீக்கம் வருமுன் கழற்றப்பட வேண்டும். பிறகு தூய துணியால் தளர மூடி மருத்துவரிடம் போக வேண்டும்.

சுடர் தெரியாத நேரத்தின் ஆபத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கரி பற்றவில்லை, அல்லது அணைந்துவிட்டது என்று எண்ணி மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றுவது. உள்ளே ஒளிந்திருக்கும் கங்கின் சூட்டில் ஊற்றியது ஆவியாகி, அந்த ஆவி பற்றி, தீ ஊற்றுகிறவரின் கையிலிருக்கும் கேனை நோக்கியே பாய்ந்து வரும். கை சுத்திகரிப்புத் திரவம் ஊற்றுவதும் இதே கதைதான். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பொறுமையாக விசிறிக்கொண்டிருப்பதற்கு மாற்று கிடையாது.

உணவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இங்கேயும் கண்ணை நம்பித்தான் மோசம் போகிறோம். கரியடுப்பில் கோழியின் வெளிப்புறம் நான்கு நிமிடத்தில் கருகிச் சிவந்துவிடும், எலும்பை ஒட்டிய சதை வேகாமல் இருக்கும். சால்மொனெல்லா, காம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் அழிய, சதையின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். அதை நிறம் காட்டாது, சில நூறு ரூபாய் விலையுள்ள, குத்திப் பார்க்கும் வெப்பமானி காட்டும். அதற்கு முன்பே இன்னொரு பிழை நடந்து முடிந்திருக்கும். வீட்டில் மசாலா தடவிய கோழியை வண்டியில் வைத்து ஆறு மணி நேரம் பயணம் செய்வது. 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. பச்சை இறைச்சி அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் ஒரு மணி நேரம்தான். தயிரும் எலுமிச்சையும் மஞ்சளும் போட்டிருக்கிறோமே என்பார்கள். அவை சுவைக்கும் மென்மைக்கும் உதவும், ஐஸ் பெட்டியின் வேலையைச் செய்யா. மேலேயே வாங்கி மேலேயே சமைப்பதுதான் எளிய வழி. பச்சைக் கோழி ஊறிய மசாலாவை வெந்த கோழியின் மேல் பூசாமல் இருந்தால் மீதிப் பிரச்சினையும் தீர்ந்தது.

கடைசியாக, யாருடைய பொறுப்பு என்ற கேள்வி. விபத்து நடந்ததும் இளைஞர்களின் அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. புகையில்லாத தணல் கொல்லும் என்பது பள்ளியிலும் வீட்டிலும் கடையிலும் அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி. அடுப்பையும் கரியையும் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அடுப்பை வாடகைக்குத் தருகிற விடுதியும் டென்ட் தளமும், தந்த அடுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்பது என் வாதம். சமையலுக்கு ஒரு நேரம் குறித்து, அது முடிந்ததும் பணியாளர் ஒருவர் வந்து, தணலைத் தண்ணீர் நிறைந்த இரும்பு வாளியில் கொட்டி அணைத்து, அடுப்பைத் தம் பாதுகாப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். சாம்பல் ஆறியதுபோலத் தெரிந்தாலும் இரண்டு நாள் கழித்தே குப்பையில் சேர்க்க வேண்டும். பிளாஸ்டிக் பையிலோ அட்டைப் பெட்டியிலோ சேர்க்கவே கூடாது. ஒவ்வொரு அறையிலும் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று மாட்டலாம். கருவி இருக்கிறதே என்று அடுப்பை உள்ளே விட மட்டும் கூடாது. விருந்தாளி கோபித்துக்கொள்வார், தொழில் கெடும் என்று சில உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். நீச்சல் குளத்தை இரவில் பூட்டும்போது எந்த விருந்தாளியும் கோபித்துக்கொண்டு வெளியேறுவதில்லை. கூடுதலாக ஒரு கம்பளத்தைக் கையில் கொடுத்து அடுப்பை வாங்கிக்கொண்டால் மறுப்பவர் குறைவாகவே இருப்பார். தங்குமிடங்களுக்கு உரிமம் தரும் அலுவலகங்கள் இதை ஒரு நிபந்தனையாக எழுதிச் சேர்க்கப் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவரை, அறை பதிவு செய்யும்போதே, இரவில் அடுப்பை யார், எத்தனை மணிக்கு எடுத்துக்கொள்வீர்கள் என்று நாம் கேட்கத் தொடங்கலாம்.